நஞ்சுக்கொடியும் தாயுயிரும்

முன்னுரை

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் மகப்பேற்று மருத்துவம் பற்றிய கட்டுரைக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். மொழி பயிற்றும் நாம் மருத்துவர் அல்லோம். ஆயினும் ஒரு சொல்லின் பொருளை ஆராயப் புகுந்து, அது நம்மை ஒரு நோயின் வரலாற்றுக்குள் இட்டுச் சென்றமையால், கண்டவற்றை மாணவச் செல்வங்களோடும் சமுதாயப் பெரியோரோடும் பகிர்ந்துகொள்ள விழைகிறோம். அச்சொல் ‘நஞ்சுக்கொடி’ என்பதாகும்.

குழந்தை பிறந்த சிறிது நேரத்தில் தாயின் கருப்பையிலிருந்து வெளிவரும் உறுப்பை நம் மக்கள் ‘நஞ்சு’ என்றும் ‘நஞ்சுக்கொடி’ என்றும் வழங்குகின்றனர். ‘நஞ்சு இறங்கிற்றா?’ என்பதே பிள்ளைப்பேறு பார்க்கும் மூதாட்டியர் முதலில் கேட்கும் கேள்வி. உயிரை ஊட்டி வளர்த்த உறுப்புக்கு நஞ்சு என்னும் பெயர் எங்ஙனம் வந்தது? அது முழுமையாக வெளியேறாமல் உள்ளே தங்கினால் குருதிப்பெருக்கும் சீழும் உண்டாகித் தாயின் உயிரைப் போக்கும் என்னும் பட்டறிவே அப்பெயருக்குக் காரணமாதல் கூடும். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இவ்வுறுப்பைச் ‘சூல்வித்தகம்’ என்று அழைக்கின்றன. ஒரே உறுப்பை ஒரு பெயர் அஞ்சுகிறது. மற்றொரு பெயர் போற்றுகிறது. இரண்டிலும் உண்மை உண்டு என்பதை இன்றைய ஆய்வுகள் காட்டுகின்றன.

வீட்டில் நிகழ்ந்த ஒன்று

இக்கட்டுரைக்கு மற்றொரு தூண்டுதலும் உண்டு. எம் அன்னையாரின் தமக்கையார் நாம் பிறப்பதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே மறைந்தவர். பாட்டனார் துறைமுகத்தில் கலாசியாகப் பணிபுரிந்தார்; குடும்பம் இராயபுரத்தில் ஒரு சந்தில் வாழ்ந்தது. முதற் கருவைத் தாங்கி எட்டாம் திங்களில் தாய்வீடு வந்திருந்த பெரியம்மாவுக்கு முகமும் கைகளும் வீங்கின. தலைவலி தாங்கவில்லை என்றும், கண்முன்னே பூச்சி பறக்கிறது என்றும் இரண்டு நாள் சொல்லியிருக்கிறார். ‘மாசமா இருந்தா அப்படித்தான்’ என்று வீட்டார் தேற்றினர். மூன்றாம் நாள் இரவு வலிப்புக் கண்டது. ஜின்னின் தீண்டல் என்று எண்ணி, ஓதிய தண்ணீர் தெளித்தனர், தாயத்துக் கட்டினர். பொழுது விடிந்த பின்னரே சைக்கிள் ரிக்‌ஷா அழைத்தனர். பிரசவ ஆஸ்பத்திரியோ கூப்பிடு தொலைவில் இருந்தது! தாயும் பிழைக்கவில்லை, சேயும் பிழைக்கவில்லை.

எம் பாட்டியார் தம் இறுதிக்காலம் வரை ஒன்றையே சொல்லிப் புலம்புவார்: “மஃரிப் நேரத்துல கொல்லைப்பக்கம் போக விட்டுட்டேனே, என் தப்புதான்.” பெரியம்மாவின் புகுந்த வீட்டாரோ, ‘அவள் ராசி அப்படி’ என்றனர். யாருடைய தவறு அது? அல்லது தவறென்று ஒன்று இருந்ததா? இவ்வினாவுக்கு மருத்துவ உலகம் தெளிவான விடை காணத் தொடங்கியது இந்த நூற்றாண்டில்தான்.

நஞ்சுக்கொடி ஆற்றும் பணி

தொப்புள்கொடியையும் நஞ்சுக்கொடியையும் ஒன்றெனக் கருதுவோர் பலர். குழந்தையின் உந்தியிலிருந்து செல்லும் கயிறு போன்றது தொப்புள்கொடி. அக்கயிறு சென்று சேரும் தட்டு வடிவான உறுப்பே நஞ்சுக்கொடி. பேறுகாலத்தில் அது ஏறத்தாழ அரைக்கிலோ எடை உடையதாகக் கருப்பையின் சுவரைப் பற்றி நிற்கும். பிறவாத குழந்தைக்கு நுரையீரலும் குடலும் சிறுநீரகமும் செய்ய வேண்டிய பணிகளை எல்லாம் அது ஒன்றே செய்கிறது. தாயின் குருதியும் சேயின் குருதியும் அங்கு நேரடியாகக் கலப்பதில்லை. மெல்லிய திரையொன்றின் இருபுறமும் ஓடி, உயிர்க்காற்றையும் உணவையும் கழிவையும் பரிமாறிக்கொள்கின்றன.

ஈண்டு ஒன்று உளங்கொளத் தக்கது. நஞ்சுக்கொடி தாயின் உறுப்பன்று. கருவிலிருந்தே அது தோன்றுகிறது. ஆதலின் குழந்தையைப் போலவே அதிலும் பாதி தாயின் கூறு. பாதி தந்தையின் கூறு. தாயின் உடலுக்குள் வேரூன்றும் அயலார் உறுப்பு என்றே அதனைச் சொல்லலாம்.

மெடாவர் எழுப்பிய வினா

ஒருவருடைய தோலை எடுத்து மற்றொருவருக்கு ஒட்டினால், உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் அதனை அயலது என்று கண்டு அழித்துவிடும். இவ்வாய்வில் தலைசிறந்து விளங்கிய ஆங்கிலேய அறிஞர் பீட்டர் மெடாவர் 1953-ஆம் ஆண்டு ஒரு வினாவை எழுப்பினார்: பாதி அயலதாகிய கருவை மட்டும் தாயுடல் ஏன் ஒன்பது திங்கள் பொறுத்துக்கொள்கிறது? 1960-இல் நோபல் பரிசு பெற்ற அப்பேரறிஞரின் இவ்வினாவே கருக்கால எதிர்ப்பாற்றல் ஆய்வு என்னும் துறைக்கு வித்தாயிற்று.

தாயுடல் கண்மூடி இருந்து விடுகிறது என்பது முதலில் எண்ணப்பட்ட விடை. அது சரியன்று எனப் பின்னர்த் தெரிந்தது. நஞ்சுக்கொடியின் புறத்தே உள்ள உயிரணுக்கள், அயலார் என்று காட்டிக்கொடுக்கும் அடையாளங்களுள் முதன்மையானவற்றை வெளிக்காட்டாமல் மறைத்துக்கொள்கின்றன. தாயின் எதிர்ப்பணுக்களுள் ஒரு வகையின, கருப்பைச் சுவரில் பெருமளவில் திரண்டு, வந்தவரைத் தாக்காமல், வேரூன்ற வழி அமைத்துத் தருகின்றன. விருந்தினரை வாயிலில் நின்று வரவேற்கும் வீட்டார் போன்றது அவற்றின் செயல். அரபு மொழியில் கருப்பையைக் குறிக்கும் ‘ரஹிம்’ என்னும் சொல்லும், அருளைக் குறிக்கும் ‘ரஹ்மத்’ என்னும் சொல்லும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை என்பது இங்கு நினைக்கத்தக்கது.

இவ்வுடன்பாடு பெரும்பாலும் குறைவின்றி நிறைவேறுகிறது. சிலரிடத்துப் பிறழ்கிறது. அப்பிறழ்வுகளுள் மூன்றினை மட்டும் இங்குக் காண்போம்.

முதலாவது: குருதி வகைப் பிணக்கு

முதற் குழந்தை நலமாகப் பிறக்கும். அடுத்தடுத்த குழந்தைகள் மஞ்சள் பூத்து இறக்கும். அல்லது வயிற்றிலேயே மடியும். இத்தகைய பெண்களை நம் சமுதாயம் எவ்வளவு கொடிய சொற்களால் சுட்டது என்பதை முதியோர் அறிவர். ‘பிள்ளை தங்காதவள்’ என்று கூறி மறுமணம் முடித்த கணவன்மாரும் உண்டு.

இத்தகைய துயரத்துக்குரிய முதன்மைக் காரணங்களுள் ஒன்று, ஆர்.எச். எனப்படும் குருதிக் கூறாகும். அக்கூறு இல்லாத தாய் ஆர்.எச். நெகட்டிவ் எனப்படுவாள். நம் நாட்டில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐவர் இவ்வகையினர். கணவர் பாசிட்டிவ் வகையினராயின் குழந்தையும் அவ்வாறு அமையலாம். முதற் பிள்ளைப்பேற்றின்போது குழந்தையின் குருதியணுக்கள் சில தாயின் குருதியில் புகும். தாயுடல் அவற்றை அயலது என்று கற்றுக்கொண்டு எதிர்ப்பொருளை ஆக்கி வைத்துக்கொள்ளும். அடுத்த கருவில் அவ்வெதிர்ப்பொருள் நஞ்சுக்கொடியைக் கடந்து சென்று குழந்தையின் குருதியணுக்களைச் சிதைக்கும்.

இதற்குக் கண்ட தீர்வு மிக நுட்பமானது. தாயுடல் கற்றுக்கொள்ளும் முன்னரே அவ்வணுக்களை அகற்றிவிட்டால் பாடமே நடவாது அன்றோ? இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிலும் அமெரிக்காவின் நியூயார்க் நகரிலும் இரு குழுவினர் தனித்தனியே உழைத்து ‘ஆன்ட்டி-டி’ என்னும் ஊசி மருந்தை உருவாக்கினர். 1968-ஆம் ஆண்டு அது பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. குழந்தை பிறந்த 72 மணி நேரத்துக்குள் இதனைச் செலுத்த வேண்டும். 28-ஆம் வாரத்தை ஒட்டியும் செலுத்துகின்றனர். கரு கலைந்தாலும் இது தேவைப்படும் என்பதைப் பலர் அறியார். இம்மருந்து குருதிக் கொடையாளரின் ஊனீரிலிருந்து எடுக்கப்படுவது. ஆஸ்திரேலியாவில் வாழ்ந்து 2025-இல் மறைந்த ஜேம்ஸ் ஹாரிசன் என்னும் பெருமகன் ஆயிரத்து நூறு முறைக்கு மேல் ஊனீர் வழங்கி, முகமறியாத தாய்மாருக்கு உதவினார்.

இரண்டாவது: தொடர் கருச்சிதைவு

சில பெண்களின் உடல், தன் உயிரணுக்களிலுள்ள கொழுப்புப் பொருளோடு தொடர்புடையவற்றையே அயலதாகக் கருதி எதிர்ப்பொருளை ஆக்குகிறது. அதனால் குருதி எளிதில் உறையும், நஞ்சுக்கொடி பழுதுறும், கரு மீண்டும் மீண்டும் சிதையும். இந்நோய்த் தொகுதியை 1983-இல் இலண்டனில் கிரகாம் ஹியூஸ் என்னும் மருத்துவர் தெளிவாக விளக்கினார். குருதிச் சோதனையால் இதனைக் கண்டறியலாம். ஆஸ்பிரின் மட்டும் பெற்ற பெண்களுள் நூற்றுக்கு 42 பேரும், அதனோடு ஹெப்பாரின் ஊசியும் பெற்றவருள் நூற்றுக்கு 71 பேரும் உயிருள்ள குழந்தையைப் பெற்றனர் என்று 1997-இல் வெளியான இங்கிலாந்து ஆய்வொன்று காட்டிற்று. மூன்று கரு சிதைந்த பெண்ணுக்குத் தேவை ஏச்சன்று. சோதனையே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மூன்றாவது: சூல்வலிப்பு

பெரியம்மாவைக் கொண்டு சென்ற நோய் இதுவே. நம் முன்னோர் ‘பிரசவ ஜன்னி’ என்ற பெயரில் அடக்கியவற்றுள் இதுவும் ஒன்று. மருத்துவர் எக்லாம்சியா என்பர்; மின்னல் போலத் திடுமெனத் தோன்றுவது என்னும் கருத்துடைய கிரேக்கச் சொல் அது. வலிப்பு வருமுன் உள்ள நிலை பிரி-எக்லாம்சியா எனப்படும். கருவுற்ற இருபது வாரத்துக்குப் பின்னர் இரத்த அழுத்தம் 140/90 என்னும் அளவை எட்டுவதும், சிறுநீரில் புரதம் ஒழுகுவதும் அதன் பொதுவான அடையாளங்கள். உலகளவில் கருவுற்றோருள் நூற்றுக்கு இரண்டு முதல் எட்டுப் பேரை இது தாக்குகிறது.

இந்நோயோடு நடந்த போராட்டத்தில் சென்னைக்குச் சிறப்பான இடமுண்டு. எழும்பூர் மகளிர் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் ஆற்காடு இலட்சுமணசாமி முதலியார் 1938-இல் வெளியிட்ட மகப்பேற்று மருத்துவ நூல், இந்திய மாணவர் பல தலைமுறையினருக்குப் பாடநூலாயிற்று. பின்னர் அந்நூலின் இணையாசிரியரான டாக்டர் கிருஷ்ண மேனன், வலிப்பை அடக்கும் மூன்று மருந்துகளின் கூட்டு முறையை வகுத்து 1961-இல் உலகுக்கு அறிவித்தார். நெடுங்காலம் இந்திய மருத்துவமனைகளில் அம்முறை கையாளப்பட்டது. பிற்காலத்தில் மக்னீசியம் சல்பேட் என்னும் எளிய உப்பு அதன் இடத்தைப் பெற்றது. 33 நாடுகளில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் நடத்தப்பெற்று 2002-இல் வெளியான பேராய்வு, வலிப்பு வரும் வாய்ப்பை அம்மருந்து பாதிக்கும் மேலாகக் குறைக்கிறது என்று நிறுவியது.

ஆனால் நோயின் வேர் எங்குள்ளது? மருத்துவர் இந்நோயை முன்னர் ‘டாக்சீமியா’ என்று அழைத்தனர். குருதியில் நஞ்சு கலத்தல் என்பது அதன் பொருள். நஞ்சுக்கொடியை வெளியேற்றினாலன்றி நோய் தீர்வதில்லை என்பதால், அதிலிருந்தே ஏதோ ஒரு நஞ்சு தாயின் குருதியில் கலக்கிறது என ஐயுற்றனர். அந்நஞ்சு யாதென்று மட்டும் ஒருவராலும் சுட்ட இயலவில்லை.

சென்னையில் பயின்றவர் கண்ட விடை

சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற சிறுநீரக மருத்துவர் அனந்த் கருமஞ்சி, பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில் இவ்வினாவைக் கையில் எடுத்தார். பிள்ளைப்பேற்றுக்குப் பின் எறியப்படும் நஞ்சுக்கொடியே அவருக்கும் அவர்தம் குழுவினருக்கும் ஆய்வுப்பொருள் ஆயிற்று. நோயுற்ற தாயரின் நஞ்சுக்கொடியையும் நலமுற்ற தாயரின் நஞ்சுக்கொடியையும் ஒப்பிட்டபோது, முன்னதில் ஒரு புரதம் மிகுந்து சுரப்பதைக் கண்டனர். அதன் பெயர் எஸ்-எஃப்எல்டி-1 என்பது.

அதன் செயல் யாது? குருதிக்குழாய்களின் உட்சுவர் நலமாயிருக்கச் சில வளர்ச்சிப் பொருள்கள் தேவை. இப்புரதம் குருதியில் திரிந்து அப்பொருள்களைப் பற்றிக்கொண்டு பயன்படாமற் செய்துவிடுகிறது. குழாய்கள் நலிகின்றன; அழுத்தம் ஏறுகிறது; சிறுநீரகம் புரதத்தை ஒழுகவிடுகிறது; மூளையின் நாளங்கள் பாதிப்புற வலிப்பு வருகிறது. கருவுற்ற எலிகளுக்கு இப்புரதம் மிகுமாறு செய்தபோது அவற்றிற்கும் இரத்த அழுத்தமும் புரத ஒழுக்கும் உண்டாயின. 2003-இல் இம்முடிவுகள் வெளியாயின. நோய் வெளிப்படுவதற்கு ஏறத்தாழ ஐந்து வாரம் முன்னரே இப்புரதம் குருதியில் உயரத் தொடங்குகிறது என்று அடுத்த ஆண்டே தெரிந்தது. இதனை அளந்து நோயின் கடுமையை முன்னறியும் குருதிச் சோதனைக்கு அமெரிக்க அரசு 2023-இல் இசைவளித்தது.

நஞ்சுக்கொடி ஏன் இப்புரதத்தை மிகுதியாகச் சுரக்கிறது? விடை, முன்னர்க் கூறிய உடன்பாட்டில் உள்ளது. கருவின் முதற் பாதியில் நஞ்சுக்கொடியின் அணுக்கள் கருப்பையின் சுருள் நாளங்களுட் புகுந்து அவற்றை அகன்ற வாய்க்கால்களாக மாற்ற வேண்டும். தாயின் எதிர்ப்பணுக்களும் இதற்குத் துணை நிற்கின்றன. தாய் தந்தையரின் மரபுக் கூறுகள் சில வகையாக இணையும்போது இவ்வேலை அரைகுறையாக நிற்கும் வாய்ப்பு மிகுகிறது. அப்பொழுது நஞ்சுக்கொடிக்குப் போதிய குருதி கிடைப்பதில்லை. வாடும் நஞ்சுக்கொடி இப்புரதத்தைச் சொரிகிறது. எல்லா நோயாளரிடத்தும் இது ஒன்றே காரணம் என்று துணிதல் இயலாது. ஆயினும் நோயின் பெரும்பகுதி இதனால் விளங்குகிறது. நம் முன்னோர் இதனை அறிந்துதான் நஞ்சு என்று பெயரிட்டனர் எனக் கூறுவது மிகைக்கூற்று. அது ஆய்வு நெறியுமாகாது. பெயரும் உண்மையும் தற்செயலாகச் சந்தித்துக்கொண்டன என்பதே பொருந்தும்.

நாம் செய்யத்தக்கன

வடசென்னை மக்களுக்கு மருத்துவம் தொலைவில் இல்லை. சென்ட்ரல் நிலையத்தின் எதிரே சத்திரம் கட்டிய கொடைவள்ளல் சவலை இராமசாமி முதலியாரின் பெயர் தாங்கிய பிரசவ மருத்துவமனை, ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியோடு இணைந்து, இராயபுரத்தில் பணியாற்றுகிறது. ஆண் மருத்துவரிடம் செல்ல நாணிய கோஷாப் பெண்டிர் வீட்டிலேயே மடிவதைக் கண்டு, மேரி ஷார்லீப் அம்மையார் 1885-இல் நிறுவிய மருத்துவமனை திருவல்லிக்கேணியில் இன்றும் இயங்குகிறது. 2008 முதல் 108 ஊர்தி வருகிறது. 2018-20 காலக் கணக்கின்படி, ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தனர். தமிழகத்தில் 54 பேர். பெருமைப்படலாம், ஆனால் 54 என்பது 54 வீடுகள்.

எண்ணூர், மணலி, திருவொற்றியூர்ப் பகுதியினர் ஆலைப்புகை பற்றிக் கேட்பர். தமிழகத்துக் கருவுற்ற பெண்களிடம் போரூர் இராமச்சந்திரா நிறுவனத்தார் நடத்திய ஆய்வில், காற்றிலுள்ள நுண்துகள் மிகுதற்கும் குழந்தையின் எடை குறைதற்கும் தொடர்பு காணப்பட்டது. தூய காற்றைக் கேட்பதும் தாய்மைக்காகக் கேட்பதே ஆகும்.

இல்லங்களில் செய்யத்தக்கன எளியவை. கருவுற்ற பெண்ணின் இரத்த அழுத்தத்தையும் சிறுநீரையும் ஒவ்வொரு முறையும் சோதித்தல் வேண்டும். காலில் மட்டும் சிறிது வீக்கம் பலருக்கும் இயல்பு. ஆனால் முகமும் கையும் திடீரென வீங்குதல், ஓயாத தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் அன்றிரவே மருத்துவமனை செல்ல வேண்டும். விடியட்டும் எனக் காத்தல் தகாது. பிள்ளைப்பேற்றுக்குப் பின்னரும் சில நாள் இவ்விடர் வரலாம். நோய் வர வாய்ப்புடையோர்க்குக் கருவின் முதல் மூன்று திங்கள் முடியும் வேளையிலிருந்தே சிறிதளவு ஆஸ்பிரின் தருதல், உரிய காலத்துக்கு முன் வரும் கடுமையான வகையைப் பெரிதும் குறைக்கிறது என்று 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. இதனை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

மஹல்லா ஜமாஅத்துப் பெரியோரிடம் ஒரு வேண்டுகோள். ஜும்ஆ நாளில் இவ்வறிகுறிகளை ஒருமுறை எடுத்துரைத்தால் நூறு வீடுகளுக்குச் செய்தி சேரும். ஓதிப் பார்ப்பதை நாம் தடுக்கவில்லை. ஊர்தியில் ஏற்றிய பின் வழியெல்லாம் ஓதலாம். பிள்ளை தங்கவில்லை என்று ஒரு கணவன் பஞ்சாயத்துக்கு வந்தால், இருவரும் குருதிச் சோதனை செய்துகொண்டனரா என்று முதலில் கேளுங்கள்.

முடிவுரை

ஒருகாலத்தில் பெண்ணின் ராசி என்றும், காற்றுக் கருப்பு என்றும், வளர்ப்பின் குறை என்றும் பழிக்கப்பட்டவை, கண்ணுக்குத் தெரியாத நாளங்களிலும் அணுக்களிலும் நிகழும் பிறழ்வுகள் என்பதை ஆய்வு காட்டிவிட்டது. எவரும் எறிந்துவிடும் ஓர் உறுப்பை எடுத்து வைத்துப் பொறுமையோடு ஆராய்ந்தோரால் இது கைகூடிற்று. இவ்வறிவு பெண்ணின் மேலிருந்த பழியை இறக்குகிறது. காலத்தில் அளந்து பார்க்கும் கடமையை நம் மேல் ஏற்றுகிறது.

எம் பாட்டியார் இன்று இருந்திருப்பின் அவரிடம் சொல்ல எமக்கு ஒரு செய்தி இருக்கிறது. பெரியம்மாவின் நோய் அந்த மஃரிப் வேளையில் தொடங்கவில்லை. அதற்குப் பல திங்கள் முன்னரே, எவரும் காண இயலாத இடத்தில் தொடங்கிவிட்டது. அது உங்கள் தவறன்று பாட்டி. அச்செய்தியை அவருக்குச் சொல்லும் பேறு எமக்கு வாய்க்கவில்லை. இம்மலரைப் படிக்கும் மாணவர்கள் தத்தம் வீட்டிலுள்ள பாட்டிமாருக்கும், கருவுற்ற தமக்கை தங்கையருக்கும் இதனைச் சொல்வாராயின், இக்கட்டுரை எழுதிய பயனை நாம் பெற்றவராவோம்.